லண்டன் ஃபிளாட்டும் எண்பது ஆண்டுக் கணக்கும்

ஐயா கட்டிய வீட்டில் பங்காளிகள் தலைமுறை தலைமுறையாகப் பங்கு வைத்திருப்பதைப் பார்த்தே வளர்ந்த காரைக்குடிப் பிள்ளைகளுக்கு, லண்டனில் நீண்ட காலக் குத்தகையாக வாங்கிய ஃபிளாட், குத்தகை முடியும் நாளில் நில உரிமையாளருக்கே திரும்பிவிடும் என்பது எளிதில் மனத்தில் பதிவதில்லை.

தம்பி அனுப்பிய குத்தகைப் பத்திரத்தை வளவில் உட்கார்ந்து வாசித்தேன். 1982 முதல் 125 ஆண்டுகள் என்றிருந்தது. அவன் எப்போது வாங்கினான் என்பது இந்தக் கணக்கில் சேராது. 2027-இல் மீதம் எண்பதுதான்.

அந்த எண்பதில்தான் பணமே இருக்கிறது. இங்கிலாந்தின் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குத்தகையை நீட்டிக்கக் கேட்டு நோட்டீஸ் கொடுக்கும் நாளில் எண்பது ஆண்டுகளுக்கு மேல் மீதமிருந்தால், 90 ஆண்டுகள் கூடுவதற்கும் நிலவாடகை நீங்குவதற்கும் உரிய தொகையோடு முடிந்துவிடும். எண்பதோ அதற்குக் குறைவோ என்றால், நீட்டிப்பால் உயரும் மதிப்பில் பாதியையும் நில உரிமையாளருக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

2024-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 990 ஆண்டுகள் தருகிறது, அந்தப் பாதியையும் நீக்குகிறது. ஆனால் அதன் பிரிவுகள் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை; நீட்டிப்புக் கேட்க, வாங்கி இரண்டாண்டு காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2025 ஜனவரி 31 அன்று நீங்கியது. மற்றவையும் அமலுக்கு வரும் என்று நம்பி எண்பதைத் தவறவிடுவது சரியல்ல என்பதே என் உறுதியான எண்ணம்.

மதிப்பீட்டாளரையும் வழக்கறிஞரையும் இப்போதே அமர்த்தும்படியும், நில உரிமையாளர் தரப்பின் நியாயமான செலவுக்கும் பணம் ஒதுக்கும்படியும் தம்பிக்கு எழுதியிருக்கிறேன்.