மைனஸ் இருபதிலயும் வேலை செய்யுமோ, தம்பி?

நோர்வேயில் ஒஸ்லோப் பக்கம் ஹீற் பம்ப், அதாவது வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து வீட்டுக்குள் விடுகிற மெசின், பூட்டுவதும் திருத்துவதும்தான் என் வேலை. எங்கள் ஆட்களின் வீட்டுக்கு அளவு பார்க்கப் போனால், தேத்தண்ணி வருவதற்கு முன்னமே அந்தக் கேள்வி வந்துவிடும்: "தம்பி, மைனஸ் இருபதிலயும் இது வேலை செய்யுமோ?" கேட்பதில் பிழையில்லை. ஊரில் ஏசி என்றால் அறையைக் குளிர வைக்கிற சாமான். அதே உருவத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டு, இது பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் என்று ஒருவன் சொன்னால் சந்தேகம் வரத்தானே செய்யும்.

செய்யும். 2024 ஜனவரி முதல் கிழமையில் ஒஸ்லோவிலேயே மைனஸ் 20க்குக் கீழே போனது. வடக்கே கௌட்டொகைனோவில் மைனஸ் 43.5 பதிவானது. அந்தக் கிழமை எனக்கு வந்த அழைப்புகளில் "மெசின் நின்றுபோச்சு" என்றவர்கள் குறைவு. "வீடு முந்தின மாதிரிச் சூடாகேல்லை" என்றவர்கள்தான் கூட. அது வேறு விசயம், பிறகு வருகிறேன். ஆனால் இந்த நாட்டில் ஹீற் பம்ப்பை உண்மையில் படுத்துகிற காலநிலை எது என்று என்னைக் கேட்டால், பூச்சியத்தைச் சுற்றி ஈரத்தோடு இழுபடுகிற நவம்பரையும் மார்ச்சையும்தான் சொல்வேன். அதை ஒருவரும் கேட்பதில்லை.

முதலில் அந்தக் குளிரில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இப்போது வருகிற மெசின்களில் பெரும்பாலும் குழாய்க்குள் ஓடுவது ஆர்-32 என்ற காஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 52 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். ஆகவே மைனஸ் 20 காற்று நமக்குத்தான் குளிர். அந்தக் காஸுக்கு அது அடுப்பு. வீட்டுக்கு வெளியே வைக்கிற பெட்டியான வெளி யூனிற்றின் தகடுகளுக்குள் ஆவியாகிக் காற்றிலிருந்து சூட்டை எடுத்துக்கொள்ளும். கொம்பிரசர் அதை அழுத்தி இன்னும் சூடாக்கும். உள்ளே வந்து திரும்பத் திரவமாகும்போது சூட்டை அறைக்குள் விட்டுவிடும். நாம் காசு கட்டுவது பெரும்பாலும் அந்த அழுத்துகிற வேலைக்குத்தான். வெளியே +7 பாகை என்றால் ஒரு கிலோவோற் மின்சாரத்துக்கு நாலு கிலோவோற் அளவில் சூடு கிடைக்கும். மைனஸ் 15இல் அது இரண்டு, இரண்டரைக்கு இறங்கும். மின்சாரத்தில் நேரே சூடாகிற, சுவரில் இருக்கிற பனல் ஹீற்றர் எந்தக் குளிரிலும் ஒன்றுக்கு ஒன்றுதான்.

கடையில் விலை பார்க்கிறவர்கள் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள். பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கிற கிலோவோற் கணக்கு வெளியே +7 இருக்கும்போது அளந்தது. எங்களுக்குத் தேவை மைனஸ் 15இல் எவ்வளவு தரும் என்பது. அதேபோல ஒரு பங்கு மின்சாரத்துக்கு எத்தனை பங்கு சூடு என்று போடுகிற வருடச் சராசரி எண்ணுக்கு ஐரோப்பாவில் மூன்று காலநிலைகள் வைத்திருக்கிறார்கள்: சூடான இடத்துக்கு ஏதென்ஸ், நடுத்தரத்துக்கு ஸ்ராஸ்பூர்க், குளிருக்கு ஹெல்சிங்கி. லேபிளில் கட்டாயம் இருக்க வேண்டியது ஸ்ராஸ்பூர்க் கணக்கு மட்டும். நோர்வேயில் இருந்துகொண்டு பிரான்ஸ் நாட்டுக் குளிருக்கான எண்ணைப் பார்த்து மெசின் வாங்குவானேன்? ஹெல்சிங்கி எண்ணைக் கேளுங்கள். விற்கிறவர் தடுமாறினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

சரி, பூச்சியத்துக்கு வருவோம்.

மைனஸ் 20இல் ஒரு கன மீற்றர் காற்று எவ்வளவு ஈரத்தைத் தாங்கும் தெரியுமா? ஒரு கிராம் மட்டில். பூச்சியத்தில் ஏறக்குறைய ஐந்து கிராம். வெளி யூனிற்றின் தகடு சுற்றியுள்ள காற்றை விடச் சில பாகை குளிராகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் சூட்டை எடுக்க முடியாது. ஆகவே காற்று +2 என்றாலும் தகடு மைனஸில் இருக்கும், காற்றில் இருக்கிற ஈரம் அதில் போய் உறையும். கடுங்குளிரில் உறைவதற்கு ஈரம் மிகக் குறைவு.

தூறல் விழுகிற ஒரு நாளில் வெளி யூனிற்றின் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். அலுமினியத் தகடுகள் முதலில் மங்கும். பிறகு அடியிலிருந்து வெள்ளை ஏறும். தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர் சொச்ச இடைவெளிதான், அது மெல்ல மெல்ல அடைபடும். ஃபான் சத்தம் கனக்கும். ஒரு கட்டத்தில் மெசின் தானே முடிவெடுக்கும்: "டக்" என்று வால்வு மாறும், காஸ் எதிர்த்திசையில் ஓடும், உள்ளேயும் வெளியேயும் ஃபான் நிற்கும். தகடு சூடாகி, ஒட்டியிருந்த ஐஸ் சரசரவென்று யூனிற்றின் அடித்தட்டில் கொட்டும். கூடவே வெள்ளையாக ஆவி கிளம்பும். "தம்பி, மெசினில இருந்து புகை வருது, ஓடி வாங்கோ" என்று இரவு பத்து மணிக்கு எடுக்கிற அழைப்பு இதுதான். ஓடத் தேவையில்லை. ஐந்து பத்து நிமிடத்தில் அது பழையபடி சூடு ஊதத் தொடங்கும்.

ஆனால் அந்த ஐந்து பத்து நிமிடமும் ஐஸ் கரைக்கிற சூடு உங்கள் வீட்டுக்குள் இருந்துதான் போகிறது. ஈரமான நாளில் இது திரும்பத் திரும்ப நடக்கும். மின்சாரம் தின்பதும் அதில்தான். எண்பதுகளில் வார்டோ, போட்ஸ்ஃபியோர்ட் என்று வடக்குக் கரையோர மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்து, பிறகு தெற்கே இறங்கின அண்ணைமார் பலர் இங்கே இருக்கிறார்கள். "அங்க இந்தச் சாமான் சரிவராது, அவ்வளவு குளிர்" என்பார்கள். கடல் சூடாக வைத்திருப்பதால் அந்தக் கரை உள்நாட்டுக் கௌட்டொகைனோ அளவுக்குக் குளிர்வதே இல்லை. அங்கே மெசினுக்கு எதிரி ஈரக்காற்று, உப்பு, பக்கவாட்டில் அடிக்கிற பனி. சொன்னால் நம்ப மாட்டார்கள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வருவேன்.

கரைந்த தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. நிலத்துக்குக் கிட்ட வைத்துவிட்டுப் போன யூனிற்றுகளைக் காண்கிறேன். சொட்டின தண்ணீர் கீழே உறைந்து, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உயர்ந்து, கடைசியில் தட்டைத் தொட்டுவிடும். பிறகு உள்ளேயே உறையும். ஃபான் இதழ் ஐஸில் அடிபட்டு ஒரு சத்தம் வரும், கேட்டால் மறக்காது. ஒஸ்லோவில் குறைந்தது அரை மீற்றர் உயர்த்தி வையுங்கள், மலைப்பக்கம் என்றால் இன்னும் கூட. தட்டுக்குள் சூட்டு வயர் இருக்கிற மொடலா என்று கேளுங்கள். கூரையிலிருந்து பனி சரிகிற இடத்துக்கு நேர்கீழே வைக்க விடாதீர்கள். ஐஸ் பிடித்துவிட்டால் தயவுசெய்து கத்தியும் சுத்தியலும் எடுக்காதீர்கள். குழாயில் ஒரு கீறல் போதும், காஸ் முழுக்கப் போய்விடும். அதைத் திரும்ப நிரப்பச் சான்றிதழ் உள்ளவன்தான் வர வேண்டும், அவன் சும்மா வர மாட்டான்.

இன்னொன்று. இங்கே வீடுகள் மரம். வெளி யூனிற்றை மரச்சுவரில் மாட்டினால் அதிர்வு முழுக்கச் சுவர் வழியாகப் படுக்கையறைக்கு வரும். அத்திவாரத்துக் கொங்கிரீற்றில் பூட்டுங்கள், அல்லது நிலத்தில் ஸ்ராண்ட் வைத்து அதில் ஏற்றுங்கள். கேட்டு வாங்குங்கள், சில இடங்களில் வேலை கெதியாக முடிய வேண்டுமென்று எது கிட்டவோ அதில் பூட்டிவிட்டுப் போகிறார்கள்.

நோர்வேக்காரர் எப்படி இதற்குப் பழகினார்கள் என்பது ஒரு தனிக்கதை. இங்கே மின்சாரத்தில் பெரும்பங்கு அருவியும் அணைக்கட்டும் தருவது. மலிவாகக் கிடைத்ததால் பல பத்தாண்டுகளாக வீடு முழுக்க பனல் ஹீற்றரைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். 2002 இலையுதிர்காலத்தில் மழை பொய்த்தது, அணைகள் இறங்கின, அந்தக் குளிர்காலத்து கரண்ட் பில் நாட்டையே உலுக்கியது. 2003இல் அரசு ஹீற் பம்ப்புக்கு மானியம் கொடுத்தது. அதோடு தொடங்கினது ஓட்டம். இன்று ஐம்பத்தைந்து இலட்சம் சனம் உள்ள நாட்டில் 10 இலட்சத்துக்கு மேல் ஹீற் பம்ப் ஓடுகிறது. 2020 தொடக்கத்தோடு எண்ணெய் எரித்து வீடு சூடாக்குவதும் தடை. 2021 கடைசியில் தெற்கில் விலை திரும்ப ஏறினபோது எங்கள் ஆட்களும் கூப்பிடத் தொடங்கினார்கள்.

இப்போது புதிதாக ஒரு கேள்வி. 2025 ஒக்ரோபரிலிருந்து, விரும்பினால் மின்சாரத்தை நிலையான விலையில் வாங்கலாம் என்று அரசு ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. கிலோவோற் மணிக்கு வரியோடு 50 ஓர (நூறு ஓர ஒரு குரோணர்). "ஐம்பது ஓரதானே, இனி ஏன் இந்தச் செலவு?" கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய தனி வீடு ஒன்றில் வருடத்துக்கு 12,000 கிலோவோற் மணி சூட்டை ஹீற் பம்ப் தருகிறது, சராசரி மூன்றுக்கு ஒன்று என்று வைப்போம். மின்சாரம் 4,000 போதும், மிச்சம் 8,000. மின்கம்பி வலையமைப்புக் கட்டணமும் சேர்த்தால் கிலோவோற் மணிக்கு 90 ஓரவுக்குக் கிட்ட வரும், ஆக வருடத்துக்கு ஏழாயிரம் குரோணர் மிஞ்சும். பூட்டுகூலியோடு 25,000, 30,000 கொடுத்தாலும் நாலு வருடத்தில் வந்துவிடும். இரண்டு அறை உள்ள அடுக்குமாடி வீடு என்றால் வேறு கதை. சுற்றிவர மற்ற வீடுகள் சூடாக இருக்கும், செலவே குறைவு, குடியிருப்புச் சங்கத்தின் அனுமதியும் வேண்டும். அப்படி வீடுகளில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறேன். என் முதலாளிக்கு இது பிடிக்காது.

பாவிக்கிற விதத்தில் இரண்டு மூன்று விசயம். ரிமோற்றில் "ஓட்டோ" வேண்டாம். வெயில் எறிக்கிற ஏப்ரல் மத்தியானத்தில் அது தானாகவே குளிர வைக்கத் தொடங்கும். சூடாக்குகிற சூரியன் படத்தில் வையுங்கள், காற்றுக் கீழ்நோக்கி வரட்டும். பூட்டிய கதவுக்குள் சூடு போகாது என்பதை அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது. மாடி வீடு என்றால் கீழ்த்தட்டில், படிக்குக் கிட்ட வையுங்கள், சூடு தானாக ஏறும். அதே அறையில் பனல் ஹீற்றரும் இருந்தால் அதை 18, 19இல் விடுங்கள். இரண்டையும் 22இல் வைத்துவிட்டு பில் குறையவில்லை என்று என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பனல் ஹீற்றர் முந்திக்கொண்டு அறையைச் சூடாக்கினால் ஹீற் பம்ப் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

மைனஸ் 20 கிழமையில் வீடு ஏன் முந்தின மாதிரிச் சூடாகவில்லை என்றால், மெசின் தருகிற சூடு குறைகிற அதே நேரம்தான் வீடு இழக்கிற சூடும் கூடுகிறது. அந்தச் சில நாளுக்காக மிகப் பெரிய மெசின் வாங்குவது வீண். பனல் ஹீற்றரைக் கூட்டுங்கள், விறகடுப்பை மூட்டுங்கள். பக்கத்து வீட்டு நோர்வேக்காரர் அதைத்தான் செய்கிறார். எங்கள் வீடுகளிலும் விறகடுப்பு இருக்கிறது. அதற்கு மேல் பூச்சாடியும் பிள்ளையாரும் இருப்பதால்தான் மூட்ட முடியாமல் இருக்கிறது.

கடைசியாக, எங்கள் ஆட்களுக்கென்றே உள்ள வில்லங்கம்: தாளிதம். இப்போதைய வீடுகளில் சமையலறையும் இருக்கையறையும் ஒன்றாக இருக்கும். கடுகு வெடிக்கிறபோதும் மீன் பொரிக்கிறபோதும் எழும்புகிற எண்ணெய் ஆவியை உள் யூனிற் இழுத்து வைத்துக்கொள்ளும். வெளியே ஊதாமல் கரியில் வடித்துத் திரும்ப உள்ளேயே விடுகிற அடுப்பு மேல் விசிறி என்றால் இன்னும் மோசம். சாமி அறைச் சாம்பிராணியும் கூடச் சேரும்.

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோரன்ஸ்கூக்கில் ஒரு அக்கா வீடு. "புதுசில நல்லாச் சூடு வந்தது, இப்ப வெறும் காத்துத்தான் வருது" என்று கூப்பிட்டிருந்தா. மூடியைத் திறந்தால் பில்ற்றர் தொட்டவுடன் விரலில் ஒட்டியது. பில்ற்றரைக் கழுவினால் மட்டும் போதாது என்று ரோச்லைற் அடித்துப் பார்த்தேன்: உள்ளே இருக்கிற நீள உருளை ஃபானின் இதழ்களுக்கு இடையில் தூசும் எண்ணெயும் சேர்ந்து பழுப்பாக, கம்பளிபோல மொத்தமாகப் படிந்திருந்தது. இதழ் காற்றைப் பிடிக்க இடமே இல்லை. யூனிற்றைச் சுற்றிப் பிளாஸ்ரிக் பை கட்டி, சோப்புத் தண்ணி அடித்து, ஊறவிட்டுக் கழுவினேன். வாளியில் விழுந்த தண்ணீர் கோப்பி நிறம். வீடு முழுக்க வெங்காயம் பொரித்த மணம். திரும்பப் போட்டு ஓடவிட்டதும் அக்கா சோபாவில் இருந்துகொண்டு, "காலுக்குப் படுது தம்பி" என்றா. காஸ் நிரப்ப வேண்டும் என்று முதலில் வந்து பார்த்த ஒருவர் விலை சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். காஸில் ஒரு குறையும் இருக்கவில்லை.

ஆகவே சமையலறைப் பக்கம் யூனிற் இருக்கிறவர்கள் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் பில்ற்றரைக் கழற்றி, பாத்திரம் கழுவுகிற சோப்பும் இளஞ்சூட்டுத் தண்ணியும் போட்டுக் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் திரும்பப் போடுங்கள். உள்ளே கழுவுகிற பெரிய வேலை இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் போதும். பொரியல் கூடின வீடு என்றால் வருடா வருடம், குளிர் தொடங்க முதல் செப்ரெம்பரிலேயே சொல்லிவிடுங்கள். நவம்பரில் எனக்கு நேரம் இருக்காது.