திங்கட்கிழமை மீன்

திங்கட்கிழமை ஹோட்டலில் மீன் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆந்தனி போர்டெய்ன் ஞாபகம்தான். வெள்ளிக்கிழமை வந்து இறங்கிய மீன்தான் திங்கட்கிழமை உங்கள் தட்டுக்கு வருகிறது என்று 1999 ஏப்ரலில் நியூயார்க்கர் இதழில் போட்டு உடைத்தவர். அப்போது அவருக்கு 42 வயது, நியூயார்க்கில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் தலைமைச் சமையல்காரர். அதற்கு முன்பே இரண்டு குற்ற நாவல்கள் எழுதியிருந்தார், பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த நியூயார்க்கர் கட்டுரை இதழாசிரியரின் கைக்குப் போனது அவருடைய அம்மாவால். மகன் எழுத்தை அம்மா நம்பியிருக்கிறார், அது எனக்கு அவ்வளவு பிடிக்கும்! அடுத்த வருடமே ‘கிச்சன் கான்ஃபிடென்ஷியல்’ என்ற அவருடைய புத்தகம் வந்தது, அப்புறம் அடுப்படிக்குத் திரும்ப வேண்டிய தேவையே வரவில்லை.

ஆனால் அடுப்படியை அவர் மறக்கவில்லை. கடலோர ஊர் ஒன்றில் பாத்திரம் கழுவித் தொடங்கியவர் அல்லவா? நியூயார்க் உணவகங்களைத் தாங்குகிறவர்கள் மெக்சிகோவிலிருந்தும் எக்குவடோரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள்தான் என்று திரும்பத் திரும்ப எழுதினார்.

2017இல் வந்த அவருடைய டிவி நிகழ்ச்சியில் கொழும்பிலிருந்து ரயிலேறி யாழ்ப்பாணம் போனார். போர் நடந்தபோது அவரால் போக முடியாத ஊர் அது. சாப்பாட்டை மட்டும் பேசிவிட்டுக் கிளம்பவில்லை, மக்கள் இழந்ததையும் கேட்டார்.

2018 ஜூன் 8இல் இறந்துவிட்டார். இன்று ராத்திரி அந்த யாழ்ப்பாண எபிசோடை மறுபடி பார்க்கப் போகிறேன்.