எல்சிஆர் ஒத்ததிர்வுச் செய்முறை: கணக்கில் வரும் அதிர்வெண் மேசையில் ஏன் வருவதில்லை?

பி.எஸ்சி. இயற்பியல், பாலிடெக்னிக் மின்னணுவியல் செய்முறைத் தேர்வுகளில் தொடர் எல்சிஆர் சுற்று (மின்தூண்டி எல், மின்தேக்கி சி, மின்தடை ஆர் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக) வந்தால் பலருக்கும் நிம்மதி. மின்னோட்டம் உச்சியைத் தொடும் ஒத்ததிர்வு அதிர்வெண்ணைக் கண்டுபிடிப்பதே வேலை. இணைப்பது ஐந்து நிமிட வேலை, சூத்திரமும் ஒன்றே ஒன்று. ஆனால் ரீடிங் எடுக்கும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. கணக்கில் 5033 ஹெர்ட்ஸ் வருகிறது, மேசையில் 4800 வருகிறது. பயந்துபோய் ரீடிங்கைத் திருத்துகிறார்கள். அந்த 4800 பெரும்பாலும் சரியான ரீடிங்தான். ஏன் சரி என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

10 மில்லிஹென்றி மின்தூண்டி, 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 100 ஓம் மின்தடை என்று வைத்துக்கொள்வோம். எல், சி பெருக்கலின் வர்க்கமூலத்தை 6.28-ஆல் பெருக்கித் தலைகீழாக்கினால் 5033 ஹெர்ட்ஸ். மின்தூண்டியின் மதிப்பு 10 சதவீதம், மின்தேக்கியின் மதிப்பு 5 சதவீதம் தள்ளியிருக்கலாம். வர்க்கமூலம் இருப்பதால் இரண்டும் சேர்ந்த 15 சதவீதத்தில் பாதிதான் அதிர்வெண்ணில் தெரியும்: ஏறத்தாழ ஏழரை சதவீதம், அதாவது 375 ஹெர்ட்ஸ். ஆக 4650-க்கும் 5400-க்கும் இடையில் எது வந்தாலும் அப்படியே எழுதுங்கள். ஆய்வகத்தில் எல்சிஆர் மீட்டர் இருந்தால் இரண்டையும் அளந்து, அந்த மதிப்புகளை வைத்தே கணக்கிடுங்கள்.

10 கிலோஹெர்ட்ஸ் வரை போயும் உச்சி தென்படவில்லையா? மின்தேக்கியைக் கையில் எடுத்துப் படியுங்கள். 104 என்றால் 0.1 மைக்ரோஃபாரட், 103 என்றால் 0.01. மாறிப்போனால் ஒத்ததிர்வு 15.9 கிலோஹெர்ட்ஸுக்கு ஓடிவிடும். எண்ணை அடுத்து வரும் ஜே என்ற எழுத்து 5 சதவீதத்தையும், கே 10 சதவீதத்தையும், எம் 20 சதவீதத்தையும் குறிக்கும். வில்லை வடிவ செராமிக்கைவிட பாலியெஸ்டர் வகை நம்பகமானது.

இணைப்பில் ஒரே ஒரு விதி: 100 ஓம் மின்தடையின் ஒரு முனை தரையில் இருக்க வேண்டும். சிக்னல் ஜெனரேட்டரின் தரையும் சிஆர்ஓவின் (அலையைத் திரையில் காட்டும் கருவி) தரையும் பெரும்பாலும் உள்ளுக்குள் ஒன்றுதான். மின்தடையை நடுவில் வைத்து அதன் குறுக்கே புரோபைப் பிடித்தால், தரை கிளிப் அதற்குக் கீழே உள்ள உறுப்பைக் குறுக்குச்சுற்று ஆக்கிவிடும். திரையில் அலை வரும், ஆனால் அது உங்கள் சுற்றின் அலை அல்ல. மின்தேக்கியின் குறுக்கே அளக்க வேண்டுமென்றால் அதைத் தரைப் பக்கம் மாற்றிவிட்டு அளங்கள். கை மல்டிமீட்டரின் ஏசி ரேஞ்சை இங்கே நம்பாதீர்கள். சாதாரண மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் குறைத்துக் காட்டும்.

இனி, பலரும் கவனிக்காத இடம். ஜெனரேட்டருக்குள் 50 ஓம் இருக்கிறது. மின்தூண்டியின் கம்பிக்கும் மின்தடை உண்டு. அதை ஓம்மீட்டரால் முன்கூட்டியே அளந்துவிடுங்கள், 20 ஓம் என்று கொள்வோம். சுமை இல்லாமல் 2 வோல்ட் வைத்துவிட்டு அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போனால், ஒத்ததிர்வை நெருங்க நெருங்க சேனல் 1-இல் உள்ளீட்டு அலையே குறுகி 1.4 வோல்ட்டுக்கு இறங்கும். அந்த நிலையில் சுற்றின் மொத்த மின்தடை 170 ஓம், தரக் காரணி (வளைவின் உச்சி எவ்வளவு கூர்மை என்று சொல்லும் எண்) 1.86. ஒவ்வொரு ரீடிங்கிலும் சேனல் 1-ஐ 1 வோல்ட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து எடுத்தால் ஜெனரேட்டரின் 50 ஓம் கணக்கில் வராது; மொத்தம் 120 ஓம், தரக் காரணி 2.63. வெறும் 100 ஓமை வைத்துக் கணக்கிட்ட 3.16 இரண்டிலுமே வராது. எங்கள் பரிந்துரை இரண்டாவது முறை. நேரம் கூடுதலாகும், ஆனால் ஜெனரேட்டர் மாறினாலும் விடை மாறாது.

1 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10 வரை 500 ஹெர்ட்ஸ் இடைவெளி போதும். 4-க்கும் 6.5-க்கும் நடுவே 100 ஹெர்ட்ஸ் வீதம் எடுங்கள். உச்சியில் 0.83 வோல்ட் கிடைத்தால், அதை வர்க்கமூலம் 2-ஆல் வகுத்த 0.59 வோல்ட் வரும் இரண்டு இடங்களும் அரைத்திறன் புள்ளிகள் (திறன் பாதியாகும் இடங்கள்): சுமார் 4170, 6080 ஹெர்ட்ஸ். இந்த இரண்டின் சராசரியை ஒத்ததிர்வாக எழுதாதீர்கள், 90 ஹெர்ட்ஸ் கூடிவிடும். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால்தான் 5033 வரும்.

தரக் காரணி குறைவாக இருக்கும்போது வளைவின் உச்சி தட்டையாக இருக்கும். 50 ஹெர்ட்ஸ் தள்ளிப்போனாலும் உயரம் 0.14 சதவீதம்தான் குறையும். திரையில் எட்டுக் கட்ட உயரமுள்ள அலையில் அது ஒரு கட்டத்தின் நூற்றில் ஒரு பங்கு, எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அதனால் சிஆர்ஓவை எக்ஸ்-ஒய் முறைக்கு மாற்றுங்கள். உள்ளீடு ஒரு சேனலில், மின்தடையின் மின்னழுத்தம் மறு சேனலில். திரையில் சாய்ந்த நீள்வட்டம் வரும். டயலை மெல்லத் திருப்பினால் அது ஒடுங்கி ஒரு கோடாகும், அதுதான் ஒத்ததிர்வு. அதே 50 ஹெர்ட்ஸ் தள்ளினால் இரு அலைகளின் கட்ட வேறுபாடு (phase) 3 பாகை மாறி, திரையில் எட்டுக் கட்ட உயர நீள்வட்டத்தின் நடுவில் 0.4 திரைக்கட்டம் வாய் திறக்கும். அது பளிச்சென்று தெரியும்.

பழைய ஆஸிலேட்டரின் டயல் எண்ணை எழுதாதீர்கள், அலைநேரத்தை அளங்கள். திரைக்கட்டத்துக்கு 50 மைக்ரோவினாடி வைத்தால் 5033 ஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 4 கட்டம் பிடிக்கும். ஒரு சிறுகோடு பிசகினால் 5 சதவீதம் போய்விடும். இரண்டு அலைகளைச் சேர்த்து அளந்தால் பிழை பாதியாகும்.

மின்தூண்டியும் மின்தேக்கியும் பக்கவாட்டில் இணையும் இணைச் சுற்றில் மின்னோட்டம் குறைந்தபட்சமாகும் இடத்தைத் தேட வேண்டும். 20 ஓம் கம்பி மின்தடைக்கு ஒத்ததிர்வில் சுற்றின் மின்னெதிர்ப்பு 5 கிலோஓம். ஆகவே தொடராக 100 ஓம் வைத்தால் 2 வோல்ட் உள்ளீட்டில் 39 மில்லிவோல்ட்தான் மிஞ்சும், இரைச்சலில் மூழ்கிப்போகும். 1 கிலோஓம் வைத்தால் 0.33 வோல்ட் கிடைக்கும். கம்பி மின்தடை 20 ஓமாக இருந்தால் அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ்தான் குறையும். 100 ஓமாக இருந்தால் 4775-க்கு இறங்கிவிடும், அப்போது கம்பி மின்தடையையும் சேர்த்த திருத்தச் சூத்திரம் கட்டாயம்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) அடிக்கடி வரும் கேள்வி: 1 வோல்ட் கொடுத்தால் மின்தேக்கியில் 2.6 வோல்ட் எங்கிருந்து வந்தது? மின்தூண்டியும் மின்தேக்கியும் எதிரெதிர்க் கட்டத்தில் (phase) ஒரே ஆற்றலை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்கின்றன. மின்தடைகளில் வெப்பமாகும் ஆற்றலை மட்டுமே மூலம் ஈடுசெய்கிறது.