நெல் சுணையும் பத்து நிமிடமும்

தை பிறந்துவிட்டால் கொள்முதல் நிலையத்துக் களத்தில் இடம் இருக்காது. சம்பா நெல் குவியல் குவியலாக வந்து இறங்கும். ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்தில், கடன் வாங்கிப் பயிர் செய்த ஒருவர் நிற்பார். அரசு தளர்வு கொடுக்கிற ஆண்டுகள் தவிர, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கருவி 19 காட்டினால் அதை அவரிடம் சொல்ல வேண்டியவன் பட்டியல் எழுத்தரான நான். கீழ்வேளூர் பக்கம் இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தியானம் தேவைப்பட்டது. மோட்சத்துக்காக இல்லை, எதிரில் நிற்பவரிடம் ஒழுங்காகப் பேசுவதற்காக.

முதல் டிராக்டர் வருவதற்கு முன் களம் அமைதியாக இருக்கும். அப்போது சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து ஆரம்பித்தேன். பத்மாசனம் வேண்டியதில்லை, முதுகு நிமிர்ந்திருந்தால் நாற்காலியே போதும். மூச்சு மூக்கு நுனியில் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இரண்டு மூச்சுக்குள் மனசு லாரி வருமா, சாக்கு போதுமா என்று கிளம்பிவிடும். புதிதாக உட்காருகிறவர்கள் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். எண்ணமே வராமல் இருப்பதுதான் தியானம் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். எண்ணம் வரத்தான் செய்யும். போனதைக் கண்டதும் திட்டாமல் மூச்சுக்குத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்புவதுதான் பயிற்சி. பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும்.

எனக்கு மூச்சைவிட நன்றாகக் கற்றுக்கொடுத்தது நெல் சுணைதான், உமியில் இருக்கும் அந்த அரிக்கிற நுண்முடி. களத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு என்ன பாடு படுத்தும் என்று. உட்கார்ந்திருக்கும்போது அரிப்பு வந்தால் கை தானாகப் போகும். உடனே சொறியாமல் கொஞ்சம் பார்த்தேன். எங்கே அரிக்கிறது, எவ்வளவு இடத்தில், சூடாக இருக்கிறதா, குத்துகிறதா? அரிப்பு ஏறியது, தாங்க முடியாது என்ற இடம் வரை போனது, அப்புறம் மெல்ல இறங்கியது. எல்லா அரிப்பும் இப்படி இறங்காது. சிலவற்றைச் சொறியத்தான் வேண்டும், சொறிந்துகொள்ளலாம். ஆனால் அரிப்புக்கும் கை எழுவதற்கும் நடுவே ஒரு சின்ன இடம் இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. கோபமும் உடம்பில்தான் ஆரம்பிக்கிறது. தாடை இறுகும், காது சூடாகும், குரல் அதற்குப் பிறகுதான் உயரும்.

ஒரு முறை பெரியவர் ஒருவரின் நெல்லில் ஈரம் அதிகம் இருந்தது. “ஏன் தம்பி, நேத்து வெயிலே அடிக்கலியே, நான் என்ன பண்ணுவேன்?” என்று கத்தினார். காது சூடாவது தெரிந்தது. ஒரு மூச்சை நீளமாக வெளியே விட்டேன். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். அதனால் நீளமான வெளிமூச்சு உடனே கைகொடுக்கும். அப்புறம்தான் அவர் சொன்னதன் அடியில் இருந்த பயம் எனக்குக் கேட்டது. “ராத்திரி மூடிவைக்கத் தார்ப்பாய் இருக்காங்கய்யா?” என்று கேட்டேன். இல்லை என்றார். பேச்சு அதன் பிறகு தார்ப்பாயைப் பற்றிப் போனது.

மூச்சைக் கவனிப்பது எங்கள் பகுதிக்குப் புதியது இல்லை. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு முதலாம் இராசராசன் இங்கே பக்கத்து ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். பௌத்தர்கள் ஆனாபானசதி என்று சொல்வது மூச்சை மாற்றாமல் பார்ப்பதைத்தான். திருவாவடுதுறையோடு சேர்த்துப் பேசப்படும் திருமூலர் சொல்லும் பிராணாயாமம் வேறு. மூச்சை இழுக்கும் பூரகம் 16, உள்ளே நிறுத்தும் கும்பகம் 64, வெளியே விடும் இரேசகம் 32 மாத்திரை என்று அவர் கணக்கு வைக்கிறார். அது குருவிடம் நேரில் கற்க வேண்டியது. புதியவர்கள் கைபேசியில் காணொளி பார்த்து மூச்சை அடக்கிப் பழக வேண்டாம் என்று நான் கெஞ்சியே கேட்டுக்கொள்வேன். தூசியில் இளைப்பு வருகிறவர்களுக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றமாக இருக்கலாம். அவர்கள் தரையில் பதிந்த பாதத்தையோ, தூற்றும் இயந்திரத்தின் சத்தத்தையோ கவனிக்கலாம். தூக்கமே இல்லாமல், வாழவே பிடிக்காமல் இருக்கிறவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூரை இல்லாமல் நெல் நனைந்தால் அது மூச்சைக் கவனித்துத் தீர்க்கிற விஷயம் இல்லை. மனசு அமைதியானால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுக்கும் தியானத்தை நான் ஏற்கவில்லை. கூரை கேட்டு மனு எழுதும்போதும் எனக்கு இந்தப் பழக்கம் உதவுகிறது. வசை இல்லாமல், எத்தனை மூட்டை நனைந்தது என்று தெளிவாக எழுத முடிகிறது.

கோடையில் களம் காலியாகிவிடும். மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12 அன்று திறந்தாலும் குறுவை நெல் எங்களிடம் வர மாதங்கள் ஆகும். பத்து நாள் விபாசனா தியான முகாம் போக நினைப்பவர்களுக்கு அதுதான் தோதான காலம். அங்கே கட்டணம் கிடையாது, ஆனால் பேச்சும் கைபேசியும் இல்லாமல் நாள் முழுக்க உட்கார வேண்டும். வீட்டில் தினமும் பத்து நிமிடம் சில மாதம் பழகிவிட்டு, அப்புறம் விண்ணப்பியுங்கள்.