டிடிஎஸ் மீட்டருக்கு மானியம் வாங்கிய கதை

டிடிஎஸ் மீட்டர் என்பது தண்ணீரில் உப்பு முதலியவை எவ்வளவு கரைந்திருக்கின்றன என்று காட்டும் கருவி. அதை வகுப்புக்கு வாங்க ஓர் அறக்கட்டளையிடமிருந்து எனக்கு மானியம் கிடைத்தது இரண்டாவது வருடம்தான். முதல் வருடம், 2022-இல், "தங்கள் விண்ணப்பம் தேர்வாகவில்லை" என்று இரண்டு வரி மெயிலோடு முடித்துவிட்டார்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் செய்த தப்பைத்தான் முதல் தடவை எழுதுகிற பலரும் செய்வார்கள் என்று தோன்றுகிறது.

நான் வடசென்னையில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. உதவி பெறும் பள்ளி என்றால் சம்பளம் அரசு கொடுக்கும். ஆய்வகத்தில் பியூரெட் உடைந்தால் தாளாளர் முன்னால் போய் நிற்க வேண்டும். தமிழக அரசின் அறிவியல் செய்முறைத் திட்டமான வானவில் மன்றம் அரசுப் பள்ளிகளுக்கானது. அடல் டிங்கரிங் லேப், பள்ளியில் செய்முறைக் கூடம் அமைக்க மத்திய அரசின் நிதி ஆயோக் கொண்டுவந்த 20 லட்ச ரூபாய்த் திட்டம். அதற்கு 1,500 சதுர அடி இடம் காட்டச் சொன்னார்கள். எங்கள் ஆய்வகம் சிங்க், பீரோ எல்லாம் சேர்த்தே 400 அடி தேறாது. மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் 10,000 ரூபாய் உண்டு, ஆனால் அது மாணவரின் யோசனைக்கு. பணமும் மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகும். அப்படித்தான் போகவும் வேண்டும். வகுப்பில் இருக்கும் 42 பேரும் கையில் எடுத்துச் செய்கிற மாதிரி ஏதாவது வாங்க வேண்டுமென்றால் என்னைப் போன்றவர்களுக்கு வழி, 25,000, 30,000 என்று கொடுக்கும் சின்ன அறக்கட்டளைகள்தான். சக ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் இந்த அறக்கட்டளையைப் பற்றி எனக்குத் தெரியும்.

முதல் விண்ணப்பத்துக்கு நான் வைத்த பெயர் "ரோபோட்டிக்ஸ் கார்னர்". பட்ஜெட் ஒரே வரி: ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன எலக்ட்ரானிக் போர்டு) கிட் 10, மொத்தம் 25,000 ரூபாய். நோக்கம் என்ற கட்டத்தில் படைப்பாற்றலை வளர்த்தல், 21-ஆம் நூற்றாண்டுத் திறன்கள் என்று பி.எட். படிக்கும்போது எழுதிப் பழகிய வாக்கியங்களை எல்லாம் கொட்டியிருந்தேன். மெயில் வந்ததும் மனசு கேட்காமல் அவர்கள் அலுவலகத்துக்கு போன் போட்டேன். ஒருங்கிணைப்பாளர் ஃபைலை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மேடம், சாமான் லிஸ்ட் நல்லா இருக்கு. பாடம் எங்க?"

கோபம்தான் வந்தது. இரண்டு நாள் கழித்து விண்ணப்பத்தை மறுபடி படித்தபோது அவர் கேட்டது நியாயம் என்று புரிந்தது. கிட் வந்து இறங்கிய மறுநாள் முதல் பீரியடில் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று எனக்கே தெரியாது.

அடுத்த வருடம் ஜூலையில், ஒன்பதாம் வகுப்பில் மின்னோட்டத்தின் வேதிவிளைவு நடத்திக்கொண்டிருந்தேன். மின்பகுளி, அயனி என்று போய்க்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "மிஸ், எங்க தெரு போர் தண்ணில சோப்பு போட்டா நுரையே வராது. கேன் தண்ணில நல்லா வரும். அப்ப போர் தண்ணில கரண்ட் நல்லா போகுமா?"

இரண்டாவது விண்ணப்பத்தின் முதல் வரி இந்தக் கேள்விதான். அவன் பேசியபடியே எழுதினேன். அப்புறம், வாரத்துக்கு இரண்டு பீரியட் என ஆறு வாரம் என்ன செய்வோம், எந்தப் பாடத்தோடு இது சேர்கிறது, பிள்ளைகள் வீட்டிலிருந்து என்ன கொண்டுவருவார்கள் என்று எழுதினேன். பட்ஜெட்டையும் பிரித்துப் போட்டேன்: பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் 10, ஆர்டுயினோ போர்டு 5, அதற்கு டிடிஎஸ் சென்சாரும் வெப்பநிலை சென்சாரும், சாம்பிள் பாட்டில், குட்டித் தராசு. டிஸ்டில்ட் வாட்டரைக்கூட விடவில்லை. விலை கூடின பொருளுக்கு மூன்று விலைப்புள்ளி கேட்டிருந்தார்கள், அதையும் இணைத்தேன். அக்டோபரில் அனுமதிக் கடிதம் வந்தது.

அதற்கு முன்பே ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். பணம் வருகிறது என்று யாரோ போனில் சொன்னதுமே, கடிதம் கைக்கு வருவதற்குள் இரண்டு மீட்டர் வாங்கிவிட்டேன். அனுமதிக் கடிதத்தின் தேதிக்கு முந்தைய பில் செல்லாது. 800 ரூபாய் என் கையை விட்டுப் போனது. அந்த இரண்டு பேனாவும் இன்னும் என் வீட்டுச் சமையலறையில் ஸ்பூன்களோடு கிடக்கின்றன.

பணம் ஆசிரியர் பெயருக்கு வராது, பள்ளிக் கணக்குக்குத்தான் வரும். தாளாளர் கணக்கில் போட்டால் திரும்ப எடுப்பது தனிக் கதையாகும் என்று தலைமையாசிரியர் பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கைக் கொடுக்கச் சொன்னார். அங்கேதான் மாட்டினோம். கொரோனாவுக்குப் பிறகு அந்தக் கணக்கில் யாரும் கை வைக்கவே இல்லை. இரண்டு வருடம் வாடிக்கையாளர் பக்கமிருந்து எந்தப் பரிவர்த்தனையும் இல்லை என்றால் வங்கி அதைச் செயல்படாத கணக்காக ஒதுக்கிவிடும். மறுபடி உயிர் கொடுக்கக் கையெழுத்துக்காரர்கள் இருவரும் கேஒய்சி கொடுக்க வேண்டும். ஒருவர், ஓய்வு பெற்றுத் திருவள்ளூர் பக்கம் போய்விட்ட பழைய தலைமையாசிரியர். இன்னொருவர், பிள்ளை பிளஸ் டூ முடித்ததும் பள்ளிப் பக்கமே வராத பழைய தலைவர். புது நிர்வாகிகளைப் போட்டு, தீர்மானம் எழுதி, அதில் "கழகம்" என்பதற்குப் பதில் "குழு" என்று இருக்கிறதென்று வங்கியில் திருப்பி அனுப்பி, மறுபடி எழுதி எடுத்துப் போவதற்குள் டிசம்பர் பிறந்துவிட்டது. 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல், வெள்ளம். ஒரு வாரம் பள்ளியே இல்லை, அரையாண்டுத் தேர்வும் தள்ளிப்போனது. பணம் கணக்கில் ஏறியது பொங்கல் கழித்து. விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னாலேயே பாஸ்புக்கை எடுத்துக்கொண்டுபோய் ஒரு என்ட்ரி போட்டுப் பாருங்கள் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்.

சாமான் வாங்க, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். போனவர்களுக்குத் தெரியும், ஆள் இடிக்காமல் பத்தடி நடக்க முடியாது. "பில்லோட வேணுமா, பில் இல்லாம வேணுமா?" என்பதுதான் முதல் கேள்வி. பில் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். நான் பட்ஜெட்டில் எழுதியது அது சேராத விலை. விலைப்புள்ளி வாங்கும்போதே வரியோடு கேட்டிருக்க வேண்டும். சாம்பிள் பாட்டிலையும் சார்ட்டையும் குறைத்துச் சரிக்கட்டினேன். பில் பள்ளி பெயரில் இருக்க வேண்டும் என்பதை ஒரு கடையில் சொல்ல மறந்து என் பெயரில் வாங்கிவிட்டு, மறுநாள் மறுபடி போனேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். ஒரே கம்பெனி மீட்டர் ஆறுதான் இருந்தது. மீதி நாலு வேறு கம்பெனி.

அந்த நாலுதான் எங்களுக்கு நல்ல பாடம் ஆனது.

பிப்ரவரியில் ஒரு நாள், மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்க ஒரு கிராம் உப்பை நிறுத்து ஒரு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டரில் கரைத்தோம். டிஸ்டில்ட் வாட்டர், கார் பேட்டரிக்கு ஊற்றுகிறார்களே, அதுதான். ஆறு பேனாவும் லிட்டருக்கு 980 மில்லிகிராமை ஒட்டிக் காட்டின. மற்ற நாலும் 1,370. அதே பீக்கர், அதே தண்ணீர். "மிஸ், ஏமாத்திட்டாங்க மிஸ்" என்று வகுப்பே கத்தியது. எனக்கும் வயிற்றைக் கலக்கியது. பில்லை எடுத்துக்கொண்டு மறுபடி ரிச்சி தெருவா என்று நினைத்தேன்.

அன்று இரவு இரண்டு பெட்டிகளிலும் இருந்த பொடி எழுத்துக் காகிதங்களைப் பிரித்துப் படித்தேன். பேனா உப்பை எண்ணுவதே இல்லை. இரண்டு முனைகளுக்கு நடுவே தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அளந்து, அதை ஒரு காரணியால் பெருக்கி டிடிஎஸ் என்று காட்டுகிறது. ஒரு கம்பெனியின் காரணி 0.5, இன்னொன்றுடையது 0.7. மறுநாள் கரும்பலகையில் இந்த இரண்டு எண்களை மட்டும் எழுதிவிட்டுச் சும்மா நின்றேன். ஐந்து நிமிடம் சத்தமே இல்லை. பிறகு முதல் வரிசையில் ஒரு பெண் 980-ஐ 0.5-ஆல் வகுத்தாள், 1,960. 1,370-ஐ 0.7-ஆல் வகுத்தாள், 1,957. தலையைத் தூக்கி, "மிஸ், ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். போர் தண்ணீரைப் பற்றிக் கேட்ட பையன் அவள் நோட்டை வாங்கி இரண்டு தடவை பார்த்தான்.

அதன் பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. குழாய், போர், லாரி, கேன் என்று வீட்டுக்கு வீடு பாட்டில் வந்தது. கேன் தண்ணீர் 38 காட்டியது, ஒரு போர் 1,840. இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை. வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்திருந்தது. அந்தப் பக்கம் மீன் பிடிக்கும் மாமா உள்ள ஒரு பையன், இந்தப் பேனா எண்ணெயைக் காட்டுமா என்று கேட்டான். காட்டாது. எண்ணெய் அயனியாகப் பிரியாது. கிருமியையும் காட்டாது. 38 என்றால் நல்ல தண்ணீர் என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிவிடக் கூடாதே என்று அந்த ஒரு விஷயத்துக்கே ஒரு பீரியட் முழுக்கச் செலவழித்தேன்.

இன்னொன்று, நான் எதிர்பார்க்கவே இல்லை. தெருப் பெயரோடு அளவுகளைச் சார்ட்டில் எழுதி வராந்தாவில் ஒட்டியிருந்தோம். ஒரு வீட்டுக்காரர் பள்ளிக்கே வந்துவிட்டார். "குடி இருக்கிறவங்க வாடகையைக் குறைங்கன்றாங்க, உங்க பசங்க எழுதுனத பாத்துட்டு." தலைமையாசிரியர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அன்று சாயங்காலமே தெருப் பெயரை எடுத்துவிட்டு, இடம் 1, இடம் 2 என்று மாற்றினோம்.

மார்ச் கடைசியில் கணக்கு. பில்கள், இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய பக்கத்தின் நகல், புகைப்படம், பயன்பாட்டுச் சான்றிதழ். சான்றிதழில் ஆடிட்டர் முத்திரை வேண்டும் என்றார்கள். பள்ளிக் கணக்கைப் பார்க்கிறவர் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்தார், ஆனால் ஆட்டோ பில் மூன்றையும் அடித்துவிட்டார். மொத்தச் செலவு 24,688. மீதி 312 ரூபாயைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கும் ஒரு தீர்மானம், இரண்டு கையெழுத்து, ஒரு செக், வங்கி வரிசை. நானே போய் நின்றேன்.

பத்து நாளில் அறக்கட்டளையிலிருந்து ஒரு மெயில் வந்தது. நான் இரண்டாம் தவணை ஏதாவது இருக்குமோ என்று ஆசையாகத் திறந்தேன். கம்ப்யூட்டர் தானாக அனுப்பியது போலிருக்கிறது: 312 ரூபாய் நன்கொடைக்கு மனமார்ந்த நன்றி, வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது இணைப்பில்.