சுபேதார் ஐயாவின் பென்சில் கோடு

"பட்டாளத்துல சேரும்போது காது நல்லா கேட்டுச்சா?"

கிட்டத்தட்டக் கத்தித்தான் கேட்டார் சுபேதார் ஐயா. எதிரே இருந்த பெரியவர் பீரங்கிப் படையில் இருந்தவர். "நல்லா கேட்டுச்சு சார்."

"அதைத்தான் இங்க எழுதியிருக்கு."

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.ஐ.) மனு போட்டு வாங்கிய மங்கலான நகல். சேர்ந்த நாளின் மருத்துவக் குறிப்பு. அந்த ஒரு வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்து, பென்சிலால் மெல்லக் கோடு இழுத்தார். பெரியவர் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

பிறகு காது கேட்காமல் போக, மருத்துவக் காரணம் சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பியபோது, 'இது பணியால் வந்ததல்ல' என்று எழுதிவிட்டார்கள். அதனால் ஊன ஓய்வூதியம் கிடைக்கவில்லை.

2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சேரும்போது நோய் பற்றிக் குறிப்பு இல்லாமல், பிறகு மருத்துவக் காரணத்தால் விடுவித்தால், அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். பணியால் வந்ததல்ல என்று சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியது சிப்பாய் அல்ல, படைத்தரப்புதான்.

இது எத்தனை பேருக்குத் தெரியும்? உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தே பழகியவர்களுக்கு, மறுப்புக் கடிதமும் ஓர் உத்தரவாகத்தான் தெரிகிறது. மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள்.

சுபேதார் ஐயாவும் ஓய்வுக்குப் பிறகுதான் மனு எழுதப் பழகினாராம். "எனக்குன்னு கேட்கக் கூச்சமா இருக்கும். இன்னொருத்தருக்குன்னா குரல் தானா வந்துடுது" என்றார்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படி ஒரு கடிதம் இருந்தால், தயவுசெய்து வெளியே எடுங்கள். இப்படிப்பட்ட படைவீரர் வழக்குகளை விசாரிக்க ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது.