குழாய் எதற்கு?

"வெசமில்லேன்னு போன்லயே சொல்லிட்டீக. பெறகு எதுக்குத் தம்பி குழாயி?"

பாம்பு பிடிக்கப் போன என்னிடம், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் கேட்டது அவ்வளவுதான். "பழக்கம்ணே" என்றேன். பாம்பு விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன்தான். போனில் சொன்னதும் சரி, பிடித்ததும் சரி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஐப்பசியில் நடந்தது, மார்கழியிலும் "பழக்கம்" என்ற அந்த ஒற்றைச் சொல் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இருந்தது பாதிப் பாம்பு. இரண்டாங்கட்டுச் சாமான் அறையில், பித்தளை அண்டாவுக்குப் பின்னாலிருந்து தலையும் முன்னுடம்பும் மட்டும் வெளியே. கழுத்திலிருந்தே வெள்ளை வரி, தலை தட்டை. இதேபோல் வரி போட்ட விஷப் பாம்பான கட்டுவிரியன் என்றால் பெரும்பாலும் தலையை ஒட்டிய பகுதி வெறும் கறுப்பாக இருக்கும், அல்லது நடுமுதுகில் வெள்ளைப் புள்ளிகள் மட்டும். அதற்குப் பிறகு மெல்லிய வரிகள் இரண்டிரண்டாகத் தொடங்கி வால்வரை தெளிவாகப் போகும். வெள்ளிக்கோல் வரையனுக்கு நேர் எதிர்: கழுத்தில் அழுத்தமாகத் தொடங்கும், வாலை நோக்கிப் போகப் போக மங்கிவிடும். படத்தில் கழுத்து வரி பளிச்சென்று இருந்தது. பத்து விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்திருக்க வேண்டும். கட்டுவிரியன் குட்டிக்கு முன்னுடம்பிலும் வரி தெளிவாகவே இருக்கும். அப்போது கழுத்து வரியை வைத்துச் சொன்னது எதற்கும் உதவாது. அது குட்டியா, வளர்ந்ததா என்று பார்க்கப் படத்தில் அளவு தெரியவில்லை. அண்டா ஒரு படி பிடிக்கிறதா, பத்துப் படியா, யாருக்குத் தெரியும்? உறுதியான அடையாளம் ஒன்று உண்டு. கட்டுவிரியனின் நடுமுதுகில், தலையிலிருந்து வால்வரை, மற்றச் செதில்களைவிடப் பெரிய அறுகோணச் செதில்கள் ஒரே வரிசையாக ஓடும். வரையனுக்கு அந்த வரிசை கிடையாது. ஆனால் அது தெரிகிற அளவு கிட்டப் போய்ப் படமெடுங்கள் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. ஆக, போனில் சொன்னது பாதி அறிவு, பாதி ஊகம். ஊகம் பலித்தது.

ஏன் அவசரப்பட்டுச் சொன்னேன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. போனில் பின்னாலிருந்து அண்ணன் வீட்டு அக்காவின் குரல்: "உலக்கையை எடுங்க". பாம்பை அடிக்கப் போகிறவர் உலக்கை நீளத்துக்குள் போயாக வேண்டும். அண்டா, குண்டான், ஓலைப்பெட்டி அடைந்த அறையில் முதல் அடி பாத்திரத்தில்தான் விழும்; இரண்டாவது அடிக்குள் பாம்பு காலடிக்கு வந்துவிடும். பாம்பைக் கொல்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று அந்த நேரத்தில் பாடம் நடத்த முடியாது. "விஷமில்லை" என்ற சொல் உலக்கையைக் கீழே வைக்க வைத்தது. "எந்தப் பாம்பாக இருந்தாலும் விஷப் பாம்பென்றே வைத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள்" என்பதுதான் முறையான பதில். அது உலக்கையை இறக்கியிருக்குமா, ஓங்க வைத்திருக்குமா? இன்றும் எனக்கு ஒரு முடிவுக்கு வரத் தெரியவில்லை.

மற்றபடி சொன்னவை எல்லாம் சரியாகவே இருந்தன. கதவைச் சாத்தி, நிலைப்படி இடுக்கில் சாக்கைச் சுருட்டி அடைக்கச் சொன்னது. ஒருவர் மட்டும், ஆறேழு அடி தள்ளி, ஜன்னல் வழியே கண்ணை எடுக்காமல் பார்ப்பது. பிடிக்க வருகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. "இங்கதான் இருந்துச்சு, காணோம்" என்றால் அண்டா அண்டாவாகப் புரட்ட வேண்டும். பினாயில், மண்ணெண்ணெய் எதையும் ஊற்றக் கூடாது. ஊற்றினால் பாம்பு வெளியே போகும் என்பதில்லை, கண்மண் தெரியாமல் எங்கேயாவது ஓடும். பூண்டு, வெங்காயம் எல்லாம் நம் மனத்திருப்திக்குத்தான். பயிற்சி பெற்றவர் யாரும் கிடைக்காவிட்டால் தீயணைப்புத் துறைக்கு 101.

இனி அந்தக் குழாய். மூன்றங்குல பி.வி.சி. குழாய், இரண்டரை அடி நீளம். ஒரு முனையில் கறுப்புத் துணிப் பையின் வாயை நுழைத்து, சைக்கிள் டியூப் வெட்டிய பட்டையால் இறுக்க வேண்டும். பையின் தையல் ஓரம் வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்ளே பிசிறு இருந்தால் பாம்பின் பல் சிக்கும். குழாயைச் சுவரும் தரையும் சேரும் மூலையில் இடைவெளி விடாமல் படுக்க வைத்து, கொக்கிக் கம்பியால் பின்பக்கம் லேசாகத் தொட்டால் போதும். சுவரை ஒட்டி இருட்டைத் தேடிப் போவது பாம்பின் இயல்பு, தானே நுழையும். நுழைந்ததும் குழாயைத் தூக்கி உதறி, குழாய்க்குக் கீழே பையை முறுக்கி முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு மேலே மட்டும் பிடித்து, ஓட்டை போட்ட மூடியுள்ள வாளிக்குள் இறக்க வேண்டும். பையின் அடியைத் தாங்கிப் பிடிப்பது கண்ணாடி விரியன் விஷயத்தில் பெரிய தவறு. அதன் நீண்ட பல் துணியைத் தாண்டி வரும்.

நம் செட்டிநாட்டுப் பக்க வீடுகளில் இன்னொரு சிக்கல், தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல். அந்த வழவழப்பில் பாம்புக்கு ஊன்ற இடம் கிடைக்காது. இருந்த இடத்திலேயே நெளிந்து துடிக்கும், துடிக்கத் துடிக்க மிரளும், மிரண்டது கடிக்கும். குழாய் வாய்க்கு முன்னால் ஒரு சாக்கை விரித்தால் பாதி வேலை குறையும். தரை ஈரமாக இருந்தால் முதலில் துடைக்க வேண்டும், பாம்புக்காக அல்ல, நமக்காக.

இவ்வளவையும் ஒன்றரை அடிகூட இல்லாத வரையனுக்குச் செய்வதைப் பார்த்துத்தான் அவர் கேட்டார். நேர்மையான பதில், "படத்தில் பார்த்துச் சொன்னதை நேரில் பார்க்கும்வரை நானே நம்பமாட்டேன்ணே" என்பது. அதைச் சொல்லக் கூச்சம். பழக்கம் என்று சொன்னதும் பொய்யில்லை, பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கம் எதனால் வந்தது என்பது அதில் இல்லை. அவர் காதில் அது என்னவாக விழுந்திருக்கும்? வரி போட்ட பாம்புக்கு விஷமில்லை, குழாய் வெறும் சடங்கு.

ஒரு சரியான பதில் அதற்குப் பிறகு சொல்ல வேண்டியதை எல்லாம் அடைத்துவிட்டது. விஷமில்லை என்று சொன்ன வாயால் அடுத்த நிமிடமே கட்டுவிரியனைப் பற்றிப் பேசினால் முன்னே சொன்னதே சந்தேகமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். பேசியிருக்க வேண்டிய வீடு அது. வரையன் வந்தது பல்லிக்காக; வளவு முற்றத்தில் இரவெல்லாம் எரிகிற டியூப் லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். கட்டுவிரியன் எலியைத் தின்னும், பல்லியைத் தின்னும், வரையன் போன்ற சிறு பாம்புகளையும் தின்னும். ஒன்றுக்குச் சாப்பாடு இருக்கிற வீடு மற்றதற்கும் விருந்து வீடு. முற்றத்து மழைத்தண்ணீர் போகும் கல் தூம்பு நேரே தெருச் சாக்கடையில் திறக்கிறது. அதற்கு அரை அங்குலத்துக்கும் குறைந்த கண்ணுள்ள துருப்பிடிக்காத வலை போடச் சொன்னேன். தேய்ந்த கதவடிக்கு ரப்பர் பட்டை, பின்கட்டு விறகைச் சுவரிலிருந்து தள்ளி மேடையில் அடுக்குவது, இதையும் சொன்னேன். வீட்டுக்கார ஆச்சி சென்னையிலிருந்து போனில் எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள்.

சொல்லாதது, அண்ணனும் அக்காவும் பட்டாலைத் தரையில் வெறும் பாயில் படுப்பதைப் பற்றி. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், தரையில் தூங்குகிறவரைத்தான் அதிகம் கடிக்கும். கடித்தது தெரியாமலே தூங்கலாம். வீக்கமில்லை, வலி பெரிதாக இல்லை, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடிகாலையில் வயிற்றைப் பிடிக்கும், வாந்தி வரும். இமை கனத்துத் தானாக மூடும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. வாயுத் தொல்லை என்று சீரகத் தண்ணீர் குடிக்கிற நேரம் அது. கட்டாமல், கீறாமல், நடக்க விடாமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்தைப் பொதுவாகப் பத்துக் குப்பியில் தொடங்குவார்கள், குழந்தைக்கும் அதே அளவு. தாமதமானால் நரம்பு முனையில் ஏற்கெனவே நடந்த சேதத்தை மருந்து சரிசெய்யாது. மூச்சுக் கருவிதான் நாட்களை ஓட்ட வேண்டும். இத்தனைக்கும் தடுப்பு ஒரு கட்டில், ஒரு கொசுவலை. வலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் சுற்றிலும் செருக வேண்டும், சும்மா தொங்கவிட்டால் பயனில்லை.

இனிமேல் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். போன வாரம் ஓர் ஆச்சி, கொல்லைக் கிணற்றடியில் பாம்பு, வீட்டில் தான் மட்டும்தான் என்று நடுங்கிக்கொண்டே பேசினார்கள். படம் வந்தது. "சாரைதான் ஆச்சி, பயப்படாதீக" என்றேன். சாரைதான்.

அந்த அண்ணனிடமிருந்து பிறகு போன் வரவில்லை. பாம்பே வரவில்லையா, வந்ததை அவரே முறத்தில் தள்ளி ஊரணிக் கரையில் கொட்டிவிட்டு வருகிறாரா, கேட்கலாம் என்று இரண்டு முறை போனில் அவர் எண்ணை எடுத்தேன்.